சுவரைப் பார்த்தாயிற்று, லொஃப்ட்டுக்கு ஏணி எங்கே?

பிரித்தானியாவின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபர் 14 அன்று வெளியிட்ட அறிக்கையை நம் வாசகர்களில் பலர் இதற்குள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களின் காதிலும் அந்த ஓர் எண் விழுந்திருக்கும்: 98 வீதம். வீடுகளின் எரிசக்திச் செலவைக் குறைக்க அரசு கொண்டுவந்த ஈகோ 4, ஜி.பி.ஐ.எஸ். திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 22,000 முதல் 23,000 வரையானவற்றில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள். உட்சுவர் வேலைகளில் 29 வீதம். வெளிச்சுவர் வேலைகளில் 6 வீதத்தில் உடனடி ஆபத்து: வெளியே தொங்கும் மின்கம்பி, அடைபட்ட பொயிலர் காற்றுவழி. ஆறு வாரம் கழித்து, நவம்பர் 26 வரவு செலவுத் திட்டத்தில், ஈகோவையே முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள்.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறிக்கை சரி. ‘நாலு கள்ளக் கம்பனிகள் செய்த வேலை’ என்ற சமாதானம் இனி எடுபடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பிழைத்தால் முறையே பிழை. பயிற்சி குறைந்த ஆட்கள், கைமாறிக் கைமாறிப் போகும் சப்-கொன்ட்ராக்ட், எந்த வேலைக்கு எந்தத் தரம் என்ற குழப்பம், தெரிந்தே எடுக்கும் குறுக்குவழி என்று அறிக்கை அடுக்கும் காரணங்களில் நமக்குப் புதியது ஒன்றுமில்லை. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் ஒரு வானை வைத்துக்கொண்டு உழைக்கும் நம் ஆட்கள் பலர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பழி முதலில் வந்து சேர்வதும் காசு கடைசியில் வந்து சேர்வதும் அவர்களிடம்தான்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சுவர்க் கணக்கு. இந்த இதழ் ஓயாமல் கேட்டுவருவது லொஃப்ட்டைப் பற்றி. சுவரில் பிழைத்தால் ரெண்டர் வெடிக்கும், தெருவில் போகிறவருக்கும் தெரியும். லொஃப்ட்டில் பிழைத்தால் மூடியைத் திறப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பல வீடுகளில் அது திறபடுவது கிறிஸ்மஸ் மரத்தை இறக்கும்போது மட்டும்.

270 மி.மீ. வூல் போட்டால் லொஃப்ட் முன்பைவிடக் குளிரும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கீழிருந்து ஏறும் ஈரம் மட்டும் குறைவதில்லை. ஷவர், சமையல், உள்ளே காயப்போடும் உடுப்பு எல்லாவற்றின் ஆவியும் டவுன்லைட் ஓட்டைகளிலும், ரப்பர் பட்டை ஒட்டாத மூடியின் விளிம்பிலும் புகுந்து மேலே போகிறது. பாத்ரூம் ஃபேனின் குழாயை ஓட்டுக்கு வெளியே எடுக்காமல் வூலின் மேல் போட்டுவிட்டு வந்த வீடுகளில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் வெளியேற இருக்கும் முக்கிய வழி கூரையின் கீழோரமான ஈவ்ஸ். ஈரக் கட்டுப்பாட்டுத் தரமான பி.எஸ். 5250 அங்கே கேட்பது, நீளவாக்கில் விடாமல் 10 மி.மீ. திறப்பு. ரோலின் கடைசித் துண்டை நாம் திணித்துவிட்டு இறங்குவதும் அதே இடத்தில்தான். போர்வை போர்த்திவிட்டு மூக்கையும் பொத்துகிற வேலை.

ஜனவரியில் இரண்டு இரவு தொடர்ந்து உறைபனி விழுந்த காலையில், அப்படி அடைத்த லொஃப்ட் ஒன்றில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வடக்குச் சரிவில், பழைய பிட்டுமன் ஃபெல்ட் ராஃப்டர்களுக்கு நடுவே தொய்ந்திருக்கும் இடமெல்லாம் அடிப்பக்கத்தில் வெண்பனி பூத்திருக்கும். குளிர் விட்டதும் அது சொட்டத் தொடங்கும். வூல் நனையும், நனைந்த வூல் சூட்டைப் பிடிக்காது. படுக்கையறை சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும். கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் ரூஃபரைக் கூப்பிடுவார். அவர் நாலு ஓடுகளை மாற்றி, ரிட்ஜைப் பூசி, காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த உறைபனிக்கு அதே வட்டம் அதே இடத்தில்.

ஈவ்ஸை அடைத்துவிடுவோம் என்று பயந்து வூலைச் சுவர்த்தலை வரை கொண்டுபோகாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. அப்போது சீலிங் ஓரம் குளிர்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். திணித்தால் மேலே ஈரம், நிறுத்தினால் கீழே பூஞ்சை. இரண்டையும் தடுப்பது ராஃப்டர்களுக்கு நடுவே செருகும் ஒரு பிளாஸ்டிக் தட்டி. அதைச் செருக முழங்காலில் ஊர்ந்து ஈவ்ஸ் வரை போகவேண்டும், நேரம் செலவாகும்.

அந்த நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? ஜி.பி.ஐ.எஸ். புள்ளிக் கணக்கு லொஃப்ட்டைப் பற்றிக் கேட்டது, முன்பிருந்த வூல் 100 மி.மீ.க்கு உட்பட்டதா மேற்பட்டதா, தரைப்பரப்பு எவ்வளவு, வீட்டின் தொடக்க பாண்ட் எது என்பதைத்தான். தட்டி செருகியவருக்கும் ஒரே புள்ளி, செருகாதவருக்கும் ஒரே புள்ளி. ஒழுங்காகச் செய்தவர் நட்டப்படும் சந்தையை எரிசக்தி அமைச்சே கட்டி எழுப்பியிருக்கிறது. இந்த வேலைகளுக்கான தரமான பாஸ் 2035 காற்றோட்டத்தைக் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்கிறது, தாளில். அசெஸர் மூடிக்குக் கீழே நின்று எடுத்த படத்தை வைத்து, வீட்டையே பாராத டிசைனர் வரைகிறார். வேறொரு நகரத்திலிருந்து கோர்டினேட்டர் ஒப்பமிடுகிறார். ஈவ்ஸ் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிரஸ்டனின் ஃபிஷ்விக்கில் 2013இல் சுவர் இன்சுலேஷன் பிழைத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் நனைந்து நாறின. 2016 டிசம்பரில் இத்துறையைப் பற்றிய பீட்டர் பொன்ஃபீல்டின் மீளாய்வு வந்தது. அதன் வழியே தரச்சான்று அமைப்பான ட்ரஸ்ட்மார்க்கின் புதிய பொறுப்பும் பாஸ் 2035உம் வந்தன. நாமும் பதிவுக் கட்டணம் கட்டினோம், ஒவ்வொரு வேலைக்கும் லொஜ்மென்ட் கட்டணம் கட்டினோம், வானில் லோகோ ஒட்டினோம். முடிவில் கிடைத்தது 98 வீதம். கண்காணிக்கிறோம் என்று நம்மிடம் காசு வாங்கியவர்கள் இத்தனை வருடம் எதைக் கண்காணித்தார்கள்? நிறுவுநரை இடைநிறுத்தத் தெரிந்தவர்களுக்குத் தம் புள்ளிக் கணக்கை ஒருநாளாவது நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லையே!

இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரொச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்து 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம், கணக்காய்வு அறிக்கைக்குப் பதின்மூன்று நாள் கழித்து, ஒக்டோபர் 27இல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் பத்து வேலைநாளுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். இனி ‘உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள்’ என்று குடியிருப்பவர் மேல் பழியைப் போட்டுத் தப்புவது கடினம். அடுத்து எல்லோரும் தேடப்போவது லொஃப்ட்டில் கடைசியாக ஏறியவரை.

அரசின் வார்ம் ஹோம்ஸ் திட்டத்தின் விதிகளை எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. ஈவ்ஸ் திறப்பும் ஃபேன் குழாயின் வெளிமுனையும் தெரியும் படம் இல்லாமல் லொஃப்ட் வேலைக்குக் காசு விடாதீர்கள். தட்டிக்கும், மூடியையும் டவுன்லைட்டுகளையும் அடைப்பதற்கும் தனி விலை வையுங்கள். முதல் குளிர்காலம் முடிந்ததும் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்க்கட்டும்.

நம்மவர்களுக்கு ஒரு சொல். ஈவ்ஸ் வேலைக்குத் தனி விலை எழுதாத சப்-கொன்ட்ராக்ட்டில் இந்தக் குளிர்காலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். எடுத்த வேலைக்குத் திகதியுடன் படம் வைத்திருங்கள். வேலை கைநழுவிப் போகும் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: பிழைத்த சுவர்களை வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் திருத்தும் பொறுப்பை நிறுவியவர் தலையில்தான் வைத்திருக்கிறார்கள். லொஃப்ட்டின் முறை வரும்போது மட்டும் கணக்கு வேறு இடத்துக்குப் போய்விடாது.