வீட்டுக் கணக்கில் விடுபட்ட தண்ணீர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம்மவர் பழமொழி. கையிலுள்ள பணம் கரையும், கடன் ஏறும் என்பதே இதன் பொருள் எனப் பலரும் கொள்வர். அது உண்மையே. எனினும், எங்கள் வீடு கடைக்கால் தோண்டிய நாள் முதல் வெள்ளையடித்து முடித்த நாள் வரை உடனிருந்து கணக்கெழுதியவள் என்ற முறையில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வீடு கட்டுகையில் நாம் பணத்தைக் கணக்கிடுகிறோம், செங்கல்லைக் கணக்கிடுகிறோம், நல்ல நாளையும் கணக்கிடுகிறோம். வீட்டுக்கு வலுவைத் தரும் தண்ணீரையும், அதைச் சுமப்பவர் உழைப்பையும் மட்டும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. பல வீடுகள் இளமையிலேயே முதுமை அடைவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

எங்கள் ஊர் திருப்புலிவனம். அடுத்திருக்கும் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை இம்மலரைப் படிக்கும் எல்லோரும் அறிவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலை என்றதும் தேர்தலைப் பற்றியே நாம் பேசிவிட்டு நின்றுவிடுகிறோம். அவ்விதிகளுள் என் மனத்தில் தைத்தவை வேறு இரண்டு. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுபவர் தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்பது மற்றொன்று. வீடும் கணக்கும்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விரண்டையும் ஒரே சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அன்று அவ்வூர் பிரமதேயம். கால் வேலி நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அச்சபையில் எங்களைப் போன்ற குடும்பத்தின் பெயர் ஓலையில் ஏறியிருக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயினும் சொந்த மனையில் சொந்த வீடு உடையவனே ஊரில் ஓர் ஆள் என்னும் எண்ணம் அன்று போலவே இன்றும் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெண்ணையா, கூரையையா?

அதனால்தான் அரசுகளும் மாறி மாறி வீட்டுத் திட்டங்களைக் கொண்டுவருகின்றன. 2011-இல் பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியில் வந்தது. 2016-இல் மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 25 சதுர மீட்டர் என்று அளவு வைத்தது. 2024-25-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றும், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்றும் இலக்கு வைத்தது. அடி பெருகியது; தொகையும் பெருகியது. மகிழ்ச்சிதான். ஆனால் இத்திட்டங்களைப் பற்றி ஊரில் நடக்கும் பேச்சு முழுவதும் எத்தனை அடி, எவ்வளவு ரூபாய் என்பதோடு முடிந்துவிடுகிறது. கட்டிய வீடு எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பவரைக் காணோம். முன்னாளில் கட்டிய தொகுப்பு வீடுகளின் தளத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு போலத் தெரியும். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிக மலிவாகத் தடுத்திருக்கக்கூடிய காரணம் ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. ஆகவே கணக்கு நோட்டு என்னிடம் வந்தது. செங்கல், எம்-சாண்ட், ஜல்லி, கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, சென்ட்ரிங் வாடகை, நிலைவாசல் பூசைக்கு வாங்கிய பூ, பழம், மேஸ்திரிக்கு வாங்கிய டீ வரை எல்லாம் அதில் உண்டு. தண்ணீருக்கு என்று ஒரு வரி இல்லை. பொறியாளர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளிலும் அப்படி ஒரு வரியை நான் காணவில்லை.

தண்ணீர் அவ்வளவு அற்பமான பொருளா? வேதியியல் வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. அதிலுள்ள டிரைகால்சியம் சிலிக்கேட்டும் டைகால்சியம் சிலிக்கேட்டும் நீரை ஏற்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்னும் பசை போன்ற பொருளாகின்றன. மணலையும் ஜல்லியையும் பிடித்து நிறுத்துவது அப்பசையே. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் வெப்பமும் வெளிப்படுகின்றன. இவ்வினை ஒரு நாளில் முடிவதன்று. ஈரம் இருக்கும் வரை நடக்கும்; ஈரம் போனால் நின்றுவிடும். கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் சோதிப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பாலானவற்றின் மீது பி.பி.சி. என்று அச்சிட்டிருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட் அது. முதல் வினையில் வெளிப்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடோடு அச்சாம்பல் மெதுவாக வினைபுரிந்து பிறகு வலுச் சேர்க்கிறது. மெதுவாக என்பதுதான் இங்கே முக்கியம். இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் விதிநூல் (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்டுக்கு 10 நாளும் இடைவிடாத ஈரம் வேண்டும் என்கிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் அவை முறையே 10, 14 நாட்களாகின்றன. நம் பகுதியில் சித்திரை வெயிலில் தளம் போடுகிறவர் எந்தக் கணக்கைக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கலவை போடும்போது இதே தண்ணீர்தான் பகைவன். தளத்துக்கு வழக்கமாகச் சொல்லும் ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கலவை இளகினால் கரண்டிக்கு வேலை எளிது. எனவே வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். வினைக்கு வேண்டாத அந்த நீர் பின்னர் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. ஊற்றக் கூடாத நேரத்தில் தாராளம். ஊற்ற வேண்டிய நாட்களில் கஞ்சத்தனம். இரண்டுமே வீட்டுக்குக் கேடு.

நம் பாட்டன்மார் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகும் பொருள். ஆகவே காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம். சிமெண்டோ மறுநாளே கால் வைத்தால் கெட்டியாக இருக்கிறது. அந்தக் கெட்டித்தனமே நம்மை ஏமாற்றுகிறது. எங்கள் மேஸ்திரி தளம் போட்ட ஐந்தாம் நாள் சொன்னார்: “பாப்பா, கல்லு மாதிரி ஆயிடுச்சி. இனிமே எதுக்குத் தண்ணி? முட்டைப் பிரிச்சிடலாம்.”

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. சென்ட்ரிங் தகடுக்கும் முட்டுக்கும் நாள் வாடகை. இங்கே பிரித்தால் அடுத்த தெருவில் கட்டலாம். மொத்தமாகப் பேசி வேலை எடுத்தவருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். 15 அடிக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகளையே சாதாரண சிமெண்டில் 7 நாளுக்கு முன் எடுக்கலாகாது என்கிறது விதிநூல். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு அதற்கும் மேல் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா, “பதினாலு நாளு போவட்டும் அண்ணா, மிச்ச நாள் வாடகைய நான் தரேன்” என்று சொல்லிவிட்டார். என் வேதியியலைக் கேட்டு அவர் சொல்லவில்லை. அம்மா இருபது ஆண்டு சித்தாள் வேலை செய்தவர். எத்தனையோ தளங்களைக் கண்டவர்.

இனி அந்தப் பதினான்கு நாளின் கணக்கைக் கேளுங்கள். எங்கள் வீட்டின் கான்கிரீட் தளம் 300 சதுர அடி. எஞ்சிய 60 சதுர அடிக்கு ஓடு. தளத்தின் மீது சாந்தால் பாத்தி கட்டி ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்த வேண்டுமானால் 25 கன அடி, அதாவது ஏறக்குறைய 708 லிட்டர் தேவை. 15 லிட்டர் குடத்தில் 47 குடம். வெயில் குடித்ததையும் கசிந்ததையும் ஈடுகட்ட நாள்தோறும் சுமார் 11 குடம் சேர்த்தோம். பதினான்கு நாளில் மொத்தம் 190 குடம். இது தளத்துக்கு மட்டுமே. சுவருக்கும் பூச்சுக்கும் காலையும் மாலையும் ஊற்றியது தனி.

இந்தக் குடங்கள் தாமாக ஏறவில்லை. சிறிய வீட்டுக்கு மாடிப்படி கிடையாது, சாரத்து ஏணிதான். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நான் பிடித்துக் கீழிருந்து தூக்கிக் கொடுப்பேன். அம்மா மேலே நின்று வாங்குவார். அதன் பிறகு நான் கல்லூரிக்கும் அவர் வேலைக்கும் போக வேண்டும். அப்பாவால் நிற்க முடியாது. நின்றால் அன்றைய கூலி போகும், அந்தக் கூலி இல்லாவிட்டால் சிமெண்ட் இல்லை. ஊரில் எந்தப் புது வீட்டை வேண்டுமானாலும் பாருங்கள். வீட்டுக்காரர் ஆள் வைத்து ஊற்றுபவராக இல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றுபவர் அந்த வீட்டுப் பெண்தான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. என் தாய் பிறர் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியபோது அவருக்குப் பெயர் சித்தாள். மாலையில் கையில் கூலி. அதே வேலையைத் தன் வீட்டுக்குச் செய்தபோது அது வேலையே அன்று. வீட்டுக்காரம்மா சும்மா இருக்கும் நேரத்தில் செய்யும் காரியம்! சும்மா இருக்கும் நேரத்துக் காரியம் என்று ஒன்றை ஒதுக்கிவிட்டால், நேரம் இல்லாத நாளில் அது நடக்காது. காய்ச்சல் வந்தால் நின்றுபோகும். நாற்று நடவுக்கு ஆள் கூப்பிட்டால் நின்றுபோகும். மேஸ்திரியும் அதைத் தம் பொறுப்பாகக் கொள்வதில்லை. கூலி இல்லாத வேலைக்குப் பொறுப்பாளரும் இல்லை. தளத்தில் வெடிப்பு விழும்போது தெரிவது அதுதான்.

‘தன் வீட்டுக்குத் தான் உழைப்பதற்குக் கூலியா?’ என்று சிலர் நகைக்கக்கூடும். இது புதுக் கோரிக்கை அன்று. 2016-இல் வந்த ஊரக வீட்டுத் திட்டத்தின் விதிகளிலேயே, பயனாளி தம் வீட்டைக் கட்டச் செய்யும் உடலுழைப்புக்குச் சமவெளிப் பகுதிகளில் 90 நாள் ஊதியத்தை ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாகத் தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தன் வீட்டு வேலையும் வேலையே என்று அரசு ஒப்புக்கொண்ட பிறகு, தண்ணீர் சுமப்பதை மட்டும் ஏன் விலக்க வேண்டும்? மதிப்பீட்டுத் தாளில் ‘தண்ணீர் விடுதல், 14 நாள்’ என்று ஒரு வரி சேர்க்கட்டும். அதற்குரிய ஊதியம் அந்த வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்கில் ஏறட்டும். மூட்டை சிமெண்டுக்கும் டன் கம்பிக்கும் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்?

தவணை கொடுக்கும் முறையையும் சற்று மாற்ற வேண்டும். கட்டடம் இந்த உயரம் வந்ததா என்று பார்த்துப் பணம் விடுவிக்கிறார்கள். ஆகவே எல்லோரும் உயரத்தை நோக்கி ஓடுகிறார்கள். புகைப்படத்தில் தளம் தெரியும். தளத்தின் மேல் தண்ணீர் நின்றதா என்பது தெரியாது. தளம் போட்டதற்கு ஒரு படம் எடுப்பவர், பத்தாம் நாள் பாத்தியில் தண்ணீர் நிற்பதற்கும் ஒரு படம் எடுத்தால் என்ன? அதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.

நாள் பார்ப்பதை நான் குறைகூறவில்லை. மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று எங்கள் பெரியப்பா சொன்னதிலும் அன்புதான் இருந்தது. நான் கேட்பதெல்லாம், பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன் தளம் போட்ட தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாமே என்பதுதான். நாங்கள் தையில் பால் காய்ச்சினோம். பத்திரிகை இரண்டு மாதம் தள்ளிப்போனதால் எந்த உறவும் வராமல் போய்விடவில்லை.

குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் தளத்தில் பாத்தி கட்டச் சொல்கிறாளே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாத்திதான் கட்ட வேண்டும் என்பதில்லை. நனைத்த சாக்கு பரப்பலாம். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு மூடினால் ஈரம் எளிதில் போகாது, பாதிக் குடம் மிச்சமாகும். சாக்கு கிடைக்காவிட்டால் வைக்கோலைப் பரப்பி நனைத்து வைக்கலாம். அறுவடை முடிந்த நம் ஊர்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மாடு மேலேறித் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.