தகடு துடைக்க இயந்திரம், மலக்குழிக்கு மனிதர்: தூய ஆற்றலில் நிலமற்றவரின் இடம் எது?

இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டம் செங்கப்படையில் 2016 செப்டம்பரில் அதானி குழுமத்தின் சூரிய மின்நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். திறன் 648 மெகாவாட். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அன்றைக்கு அது கொண்டாடப்பட்டது. அங்கே நிறுவப்பட்ட சுமார் 25 இலட்சம் தகடுகளின் மீது படியும் தூசியை நாள்தோறும் துடைக்க ரோபோக்கள் அமர்த்தப்பட்டன. அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் சூரியனிடமிருந்தே பெற்றுக்கொள்கின்றன.

அதே தமிழ்நாட்டில்தான் மலக்குழிக்குள் மனிதர் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். 1993 முதலான மலக்குழி மரணங்கள் குறித்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்துவந்த கணக்குகளில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 200ஐத் தாண்டி, மாநிலங்களிலேயே முதலிடத்தில் நின்றது. இயந்திரம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்னும் ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

கண்ணாடித் தகட்டின் தூசிக்கு விரைந்து வந்த இயந்திரம், மனித உயிரைக் காக்க ஏன் இவ்வளவு தயங்கி வருகிறது? தகட்டில் தூசி படிந்தால் மின் உற்பத்தி குறையும். அந்த இழப்பு நிறுவனத்தின் கணக்கில் உடனே ஏறும். மலக்குழியில் ஒருவர் இறந்தால் அந்த இழப்பு எந்த அதிகாரியின் கணக்கிலும் ஏறுவதில்லை. எவருடைய இழப்பு இழப்பாக மதிக்கப்படுகிறதோ அவர் பக்கமே தொழில்நுட்பம் நடக்கிறது. தூய ஆற்றல் குறித்த நம் கேள்வியும் இதுவே: இந்த மாற்றத்தில் எவருடைய இழப்பைச் சட்டம் இழப்பாகக் கணக்கில் எடுக்கிறது?

நம் நிலைப்பாடு

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். சூரிய மின்சாரத்துக்கோ இயந்திரமயமாதலுக்கோ நாம் எதிரிகள் அல்லர். நிலக்கரிச் சாம்பலும் புகையும் எண்ணூரின் எளிய மக்கள் மீது படிவதை நாம் அறிவோம். புவி வெப்பம் ஏறும்போது நண்பகல் வெயிலில் களை பறிப்பவரும், வெள்ளம் வரும்போது தாழ்வான பகுதியில் குடியிருப்பவரும் எவர் என்பதையும் அறிவோம். புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 2030க்குள் 500 ஜிகாவாட்டாக உயர்த்துவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்த இலக்கு நிறைவேறுவது நம் மக்களுக்கும் தேவை.

இயந்திரத்தைக் கண்டு அஞ்சாத மரபு நம்முடையது. இயந்திரத்தின் தீமைகள் எனப்படுபவை இயந்திரத்திலிருந்து பிறப்பவை அல்ல, அதனை ஒரு சிலரின் உடைமையாக்கிய சமூக அமைப்பிலிருந்து பிறப்பவை என்று காந்தியப் பொருளாதாரத்துக்கு மறுமொழியாக வாதிட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரத் திட்டமிடலும் அவரது பொறுப்பில் இருந்தது. 1947இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் ஆவணத்தில், முக்கியத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசின் உடைமையாக வேண்டும் என்று அவர் கோரினார். மின்சாரம் வேண்டுமா என்பதோடு அது எவருடைய உடைமை என்பதையும் சேர்த்துக் கேட்பதே அவர் காட்டிய வழி.

பாவகடாவில் நடந்தது

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய வறண்ட வட்டம் பாவகடா. இங்கே ஐந்து கிராமங்களில் பரவிய ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்துள்ளது. முதற்கட்டம் 2018 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. பூங்காவுக்காக நிலம் கையகப்படுத்தப்படவில்லை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு என்ற நிபந்தனையில் உழவர்களிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. உழவரிடமிருந்து நிலத்தைப் பிடுங்காத முன்மாதிரி என்று இது பாராட்டப்பட்டது. அந்தப் பாராட்டில் உண்மை உண்டு. மழை பொய்க்கும் மண்ணில் உறுதியான வாடகை என்பது சிறிய செய்தி அன்று.

ஆனால் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு முதலாண்டில் 2,10,000 ரூபாய். ஒரு ஏக்கர் வைத்திருந்தவருக்கு 21,000 ரூபாய். அந்த நிலங்களில் விதைத்தும் களையெடுத்தும் நிலக்கடலை பறித்தும் பிழைத்த கூலித் தொழிலாளருக்கு ஒரு ரூபாயும் இல்லை. கூலி வேலை போயிற்று. ஆடு மாடு மேய்த்த இடம் வேலிக்குள் போயிற்று. பூங்காவில் காவல், புல் வெட்டுதல், தகடு கழுவுதல் ஆகிய சில வேலைகளே எஞ்சின. நிலமற்ற தலித்துகளும் மேய்ப்பர்களும் பெண் கூலித் தொழிலாளர்களும் இவ்வாறு ஒதுக்கப்பட்டதை ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பதிவு செய்துள்ளனர்.

இது பாவகடாவுக்கு மட்டும் உரிய விபத்தன்று. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினரிடம் நாட்டின் சாகுபடிப் பரப்பில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதித் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேளாண் கூலிகள். இந்த நாட்டில் நிலத்தின் உரிமையாளருக்கு மட்டும் பயன் தரும் எந்தத் திட்டமும், சாதியின் பெயரை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாமலே சாதியின் வழியே பிரித்துக் கொடுக்கும் திட்டமாகிவிடுகிறது.

மூடப்பட்ட இரண்டு கதவுகள்

நிலமற்றவர் வாய் திறந்து பேசுவதற்குச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உண்டு. சூரியப் பூங்காவின் முன் இரண்டும் மூடியிருக்கின்றன.

முதலாவது, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு மற்றும் மறுகுடியமர்வுச் சட்டம். அதன் 3(சி) பிரிவு, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்குள் நிலமற்ற வேளாண் கூலிகளையும் குத்தகையாளர்களையும் கைவினைஞர்களையும் கொண்டுவருகிறது. மூன்றாண்டுகள் அந்தப் பகுதியில் உழைத்திருந்து, கையகப்படுத்தலால் முதன்மை வாழ்வாதாரத்தை இழப்பவர் அவர். 4ஆம் பிரிவு சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. நீண்ட போராட்டங்களுக்குப் பின் எழுதப்பட்ட வரிகள் இவை. தனியார் நிறுவனம் நேரடியாக விலைக்கு வாங்கும்போதும், மாநில அரசு வகுக்கும் வரம்பைத் தாண்டினால் மறுவாழ்வு விதிகள் பொருந்தும் என்கிறது 46ஆம் பிரிவு. குத்தகை என்று பெயர் மாறியவுடன் இந்தப் பாதுகாப்புகள் எட்டாமல் போகின்றன. உரிமையாளரின் ஒப்புதல் கிடைத்தால் போதும். கூலித் தொழிலாளர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்லர்.

இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. தகடு வழியாகச் சூரிய மின்சாரம் எடுக்கும் திட்டங்கள் இதன் வரம்புக்குள் வருவதில்லை. புகை இல்லை, ஆகவே தாக்கம் இல்லை என்பது இதன் உள்ளே ஒளிந்திருக்கும் தருக்கம். மதிப்பீடு இல்லாததால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வேலி போடுவதும், நீர் வழிந்தோடும் பாதை மாறுவதும், சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைப்பவர் விறகை இழப்பதும் யாருடைய அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

தமிழ்நாட்டின் நிலக் கேள்வி

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டப்படி ஐவர் கொண்ட குடும்பத்தின் உச்சவரம்பு இன்று 15 தர ஏக்கர். அதே சட்டத்தின் 37-ஏ பிரிவு, தொழில் நிறுவனங்கள் அரசின் அனுமதியோடு அந்த வரம்பைத் தாண்ட வழிவிடுகிறது. உபரி நிலம் நிலமற்றவருக்குக் கிடைக்க வேண்டும் என்று பிறந்த சட்டம், ஆயிரம் ஏக்கர்களை ஒரே கையில் சேர்க்கவும் இடம் தருகிறது.

அடுத்தது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் கைமாற்றக் கூடாது, அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை பரவலாக மீறப்பட்டது. நிலத்தை மீட்கக் காரணை மக்கள் நடத்திய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் ஈந்தனர். அதற்கு முன்பே, யு.டி.ஆர். எனப்படும் 1980களின் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பல பஞ்சமி நிலங்கள் பிறர் பெயருக்குப் பட்டாவாகிவிட்டிருந்தன.

இப்போது சூரிய மின்சாரத்துக்காகத் தரகர்கள் வறண்ட வட்டங்களில் மொத்தமாக நிலம் திரட்டுகிறார்கள். கிரயப் பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் எவர் பெயர் இருந்தது என்று பார்ப்பதில்லை. வேலி விழுந்து, வங்கிக் கடன் ஏறி, மின் கொள்முதல் ஒப்பந்தமும் கையெழுத்தான பின் அந்த நிலத்தை மீட்பது பன்மடங்கு கடினம். தாமதமாகிவிட்டது, முதலீடு செய்யப்பட்டுவிட்டது என்ற வாதங்களைத்தான் நீதிமன்றத்தில் நாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே நிலத்தைத் தேட வேண்டிய காலம் வேலி விழுவதற்கு முன்பு.

இயந்திரம் எவருடையது?

மலக்குழிக்குத் திரும்புவோம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி மலக்குழிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993க்குப் பின் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. ஒன்றிய அரசு தன் நமஸ்தே திட்டத்துக்காகக் கணக்கெடுத்த சுமார் 38,000 தொழிலாளர்களில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு.

இங்கே இயந்திரம் வந்தாக வேண்டும். ஆயினும் இயந்திரத்தை ஒப்பந்ததாரர் வாங்கி, தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உயிர் பிழைத்தவர் பசியில் நிற்பார். 2019இல் தில்லியில் 200 கழிவுநீர் அகற்றும் இயந்திரங்கள் வங்கிக் கடனோடு தொழிலாளர் குடும்பங்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உரிமையாக்கப்பட்டு, குடிநீர் வாரியத்தின் பணி ஒப்பந்தமும் அவர்களுக்கே தரப்பட்டது. 2024 டிசம்பரில் சென்னையிலும் இதே திசையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. கடன் சுமையும் பணப்பட்டுவாடாத் தாமதமும் இத்தகைய திட்டங்களை முடக்கக் கூடும். அவற்றைக் கண்காணிக்க வேண்டும். எனினும் கொள்கை சரியானது. உழைப்பை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் இடத்தில், இயந்திரம் அந்த உழைப்பாளியின் உடைமையாக வேண்டும்.

இந்தக் கொள்கையைச் சூரியப் பூங்காவுக்குப் பொருத்தினால் நம் கோரிக்கைகள் தெளிவாகும். குத்தகையாயினும் கிரயமாயினும், குறிப்பிட்ட பரப்பைத் தாண்டினால் சமூகத் தாக்க மதிப்பீடும் கிராம சபை விசாரணையும் கட்டாயமாக வேண்டும். 3(சி) பிரிவின் நிலமற்ற குடும்பங்கள் அங்கேயும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கப்பட வேண்டும். நில உரிமையாளருக்கு வாடகை போவதுபோல், விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களுக்குத் திட்டக் காலம் முழுவதும் போக வேண்டும். பராமரிப்புப் பணிகளும், ரோபோ வந்தால் அதன் ஒப்பந்தமும் அவர்களின் கூட்டுறவுகளுக்குத் தரப்பட வேண்டும். பஞ்சமி நிலம் அன்று என்ற சான்று இல்லாமல் எந்தப் பத்திரமும் பதிவாகக் கூடாது.

இவற்றைச் சட்டமன்றம் ஏற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டமும் சமூகவியலும் பயிலும் மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வட்டத்தில் சூரிய மின்திட்டத்துக்கென நிலம் திரட்டப்படுகிறது என்று தெரிந்தால் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கியதைக் குறிக்கும் டி.சி. என்ற குறிப்பு அந்த எண்களுக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறையின்றி ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்) பிரிவின்படி குற்றம் என்பதை அந்த மனுவில் எழுதுங்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பட்டியலையும் உடன் தயாரியுங்கள். எந்த அரசு அறிக்கையிலும் இல்லாத அந்தப் பெயர்களை முதலில் எழுதி வைப்பவர்கள் நாமாக இருக்க வேண்டும்.