பஞ்சகால நினைவுகளைப் பதிவுசெய்வோம்

1973, 74ஆம் ஆண்டுகளில், கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் சுருங்கி, இலங்கையின் பசறை, லுணுகலை, ஹாலி-எலத் தோட்டங்களின் லயங்களில் அடுப்பெரியாத இரவுகள் பெருகிய அக்கொடிய காலத்தைக் கண்ட முதியோர் நம்மிடையே அருகி வருகின்றனர்.

என் பாட்டியார், ஒரு பிடி மாவை நிறைய நீரில் கரைத்துக் காய்ச்சி, கீரையைக் கிள்ளிப்போட்டு, பிள்ளைகளுக்கு வார்த்தபின், சட்டி கழுவிய நீரைத் தாம் அருந்திவிட்டு, விடிந்ததும் கொழுந்துக்கூடையுடன் மலையேறுவாராம். அவர் பறித்த தேயிலையோ தடையின்றிக் கடல் கடந்தது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் மடிகையில், அந்நாட்டுத் தானியம் கப்பலேறியதும் இத்தகைய அநீதியே.

நம் பஞ்சத்துக்கு, உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும், அந்நியச் செலாவணி வறண்டதும் மெய்யான காரணங்களே. ஆயினும், கிராமத்தார்க்குக் கொல்லையில் மரவள்ளியேனும் விளைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, காணியும் வாக்குமின்றி நின்ற தோட்டத் தொழிலாளர்க்கு அதுவும் இல்லை. பசியினும் கொடியது அந்த அநாதரவு என்பேன்.

அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை, நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஆரம்பப் பாடசாலைச் சிறுவரைக் கொண்டே முதியோரின் நினைவுகளைத் திரட்டிற்று. பதுளை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளும் அவ்வாறே செய்யலாகாதா? ஆசிரியப் பெருமக்களே, இவ்வாண்டே ஒரு கொப்பியை மாணவர் கையில் கொடுத்து, பாட்டன் பாட்டியரிடம் அனுப்புங்கள்.