இடித்துக் கட்டுவதுதான் திருப்பணியா?

கடந்த தை மாதத்தில் ஒருநாள் எமது ஊர்ப் பிள்ளையார் கோயிலின் நிழற்படமொன்று கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. பழைய கருவறை இருந்த இடத்தில் பள்ளமொன்று தோண்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பொழிகற்கள் குவியலாகக் கிடந்தன. பாலஸ்தானம் நிறைவேறிவிட்டதென்றும், புதிய ஆலய வேலைகள் ஆரம்பமாகிவிட்டனவென்றும், புலம்பெயர்ந்த அடியார்களின் பங்களிப்பை எதிர்பார்ப்பதாகவும் படத்தின் கீழே எழுதப்பட்டிருந்தது. மகிழ்ந்திருக்க வேண்டிய செய்திதான். ஆயினும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அந்தக் குவியலுக்குள் கிடக்கும் கல்லொன்றை நாம் அறிவோம்.

ஊரில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுதோறும் அக்கோயிலுக்கு அழைத்துச் செல்வது எமது வழக்கம். கருவறையின் தென்புறச் சுவரில், முழங்கால் உயரத்தில், எழுத்துப் பொறித்த கல்லொன்று இருந்தது. ஒரு பெண்ணின் பெயர், அதன்கீழ் "உபயம்" என்னும் சொல், ஒரு தமிழ் வருடத்தின் பெயர், அவ்வளவுதான். அரிசி இடித்து விற்ற காசைச் சேர்த்து அந்தச் சுவருக்குக் கொடுத்த மூதாட்டி அவர் என்று ஊரார் சொல்வர். மாணவர் அக்கல்லின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பர். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும். வரலாறு என்பது அரசர்களுடையது மட்டுமன்று என்பதை அந்த ஒரு கல்லைக் கொண்டு நாம் கற்பித்தோம்.

1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்தக் கோயிலையும் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். மறு ஆண்டு திரும்பிச் சென்றபோது ஓட்டுக் கூரை சிதறியிருந்தது. பனைமரச் சலாகைகள் சரிந்திருந்தன. கருவறைச் சுவரோ அசையாமல் நின்றது. மூதாட்டியின் கல்லும் இருந்தது. எறிகணைக்குத் தப்பிய அக்கல் இன்று எமது பணத்துக்குத் தப்பவில்லை. ஆம், எமது பணத்துக்கும்தான். ஈராண்டுகளுக்கு முன் திருப்பணிச் சபையினர் கேட்டபோது நாமும் ஒரு தொகையை அனுப்பி வைத்தோம். எதை இடிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இக்கட்டுரையில் பிறரைக் குறைகூற முன்னர் எம்மையே குறைகூறிக் கொள்கிறோம்.

கோயில் என்பது வெறும் கட்டடமன்று. எமது சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு உறுப்புகளாக வகுக்கின்றன: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. இவற்றை மனித உடலின் பாதம் முதல் முடிவரையான உறுப்புகளுக்கு ஒப்பாகக் கொள்வதும் மரபு. இவற்றின் அளவுகள் ஒன்றையொன்று தழுவி நிற்பவை. சிறிய கோயிலாயினும் அந்த இசைவு கண்ணுக்கு அமைதி தருகின்றது.

பொலநறுவையில் இன்றும் நிற்கும் சிவாலயத்தைச் சென்று பார்த்தவர்கள் இதனை உணர்வர். வானவன்மாதேவி ஈச்சரம் என வழங்கிய அக்கோயில், 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியின்போது எழுந்தது. அடியிலிருந்து சிகரம் வரை கல்லாலேயே கட்டப்பட்ட சிறிய கோயில். அதனைச் சூழ இருந்த நகரம் அழிந்தது, காடு மூடியது, கல்லோ நின்றது. அச்சுவர்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளே அந்தக் காலத்தைப் பற்றி எமக்குப் பேசும் சாட்சிகள். அங்குள்ள மற்றொரு சிவாலயத்தை அண்டி 1907ஆம் ஆண்டளவில் நிலத்தடியிலிருந்து மீட்கப்பட்ட செப்புத் திருமேனிகளைக் கொழும்பு நூதனசாலையில் காணலாம்.

எல்லாக் கோயில்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1620களில் திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர்; அதன் கற்களைக் கொண்டு திருகோணமலைக் கோட்டையைக் கட்டினர். திருக்கேதீச்சரத்தின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின. ஆயினும் இடிபட்டவை முற்றாக மறைந்துவிடவில்லை. கோட்டை வாயிற் கல்லில் இணைக்கயல் சின்னம் இன்றும் தெரிகின்றது. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது புதையுண்டிருந்த திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் கடலுள் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். இன்னுமொரு செய்தியும் உண்டு. கோயிலை இடித்த போர்த்துக்கேயரே அங்கிருந்த கல்வெட்டொன்றின் வாசகத்தை எழுதி எடுத்துத் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்தனர். இடிக்க வந்த அந்நியன் செய்த அந்த ஒரு காரியத்தையேனும், கட்ட வந்த நாம் செய்தோமா? எமது ஊர்க் கோயிலை இடிக்க முன் அளவு எடுத்தவர் எவருமில்லை. படம் பிடித்தவரும் இல்லை. கற்கள் ஒழுங்கைப் பள்ளம் நிரப்பப் போய்விட்டன என்று பின்னர் அறிந்தோம்.

இது ஈழத்துக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழகத்திலும் புனரமைப்பு என்ற பெயரில் பழங்கோயில்களுக்கு நேர்ந்த சேதத்தை யுனெஸ்கோ குழுவொன்று ஆராய்ந்து, 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. மணலை விசையுடன் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததால் சிற்பங்களின் முகமும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிய கோயில்கள் அங்கு பல. தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பாருங்கள். 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் சுவர்களில், அங்கு பணிபுரிய அழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் ஊர்களும் உள்ளன. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் அக்கோயிலுக்கு விடப்பட்ட செய்தியும் உண்டு. இடையில் வந்த எவரேனும் "பழைய சுவர் அழகாயில்லை" என்று செதுக்கித் தள்ளியிருந்தால் இவையெல்லாம் எங்கே போயிருக்கும்?

சீமெந்துதான் உறுதி என்று எம்மவர் நம்புகின்றனர். அதுவும் ஆராயத்தக்கது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, மென்மையான வெள்ளைக்கல்லைப் பொரிய வைக்கும். கொங்கிறீற்றின் உள்ளே இருப்பது இரும்புக் கம்பி. உப்புக் காற்று வீசும் குடாநாட்டில் அது துருவேறிப் பருத்து, சில பதிற்றாண்டுகளில் தூணையே வெடிக்கச் செய்துவிடும். நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய ஒன்றை இடித்துவிட்டு, எமது பேரப்பிள்ளைகள் மீண்டும் இடிக்க வேண்டிய ஒன்றைக் கட்டுகிறோம்.

"ஐரோப்பாவில் இருந்துகொண்டு உபதேசம் செய்வது எளிது, மழைக்கு ஒழுகும் கோயிலில் கும்பிடுபவர்கள் நாங்கள்" என ஊரவர் கூறலாம். இது நியாயமான வாதம். போரால் சிதைந்த கோயில்கள் எத்தனை! குண்டுவீச்சில் அழிந்ததைக் கட்டியெழுப்புவதை எவரும் பிழை சொல்லார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வதும் எமது மரபே. ஆனால் ஆகமங்கள் சொல்லும் சீர்ணோத்தாரணம் என்பது சிதைந்ததைச் சீர்செய்து உயர்த்துவது. உறுதியாய் நிற்பதை அயலூர்க் கோபுரத்தோடு போட்டியிட்டு இடிக்கச் சொல்வதன்று. கூரை ஒழுகினால் கூரையை மாற்றுவோம். கருவறை என்ன குற்றம் செய்தது? இந்தப் போட்டியை ஊட்டி வளர்ப்பது ஊரவரின் பக்தி மட்டுமன்று. இங்கிருந்து போகும் பணமும், பெயர்ப் பலகை மீது எமக்குள்ள ஆசையும்தான்.

பேணிக் காப்பதும் இயலும் என்பதற்குச் சான்று உண்டு. திருவரங்கம் கோயிலில் பிற்காலத்தில் சேர்ந்தவற்றை நீக்கி, மண்மூடிய பழைய நீர்வடிகால் முறையை மீட்டுச் செய்த பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசுபிக் விருது கிடைத்தது. நாம் வாழும் இந்நாடுகளிலும் பாருங்கள். கொலோன் பேராலயம் 1248இல் தொடங்கி 1880இல் நிறைவெய்தியது. இன்றும் அதற்கென்று கற்தச்சர் பட்டறையொன்று இயங்குகின்றது. சிதைந்த கல்லை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்களேயன்றி ஆலயத்தை இடித்துப் புதுக்கவில்லை.

இங்கே புதிய கோயில் எழுப்புவதை நாம் குறைகூறவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரில் நிலவறையொன்றில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 2002இல் 17 மீற்றர் உயர இராசகோபுரத்துடன் கோயிலாய் எழுந்தது. ஏதிலிகளாய் வந்த மக்களின் சாதனை அது. இங்கே வெற்று நிலத்தில் கட்டுகிறோம், எதையும் அழிக்கவில்லை. ஊரிலோ நிலைமை வேறு.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் எவரேனும் எமது கதவைத் தட்டினால், பணம் கொடுக்க முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். இடிக்கப் போவது எது? அது உண்மையில் திருத்த முடியாததா என்று அறிந்தவர் ஒருவர் பார்த்தாரா? அளவும் படமும் எடுக்கப்பட்டனவா? எழுத்துள்ள கற்களும் பழைய திருமேனிகளும் மரச்சிற்பங்களும் எங்கே வைக்கப்படும்? தக்க விடை வந்தால் மனமுவந்து கொடுப்போம். வராவிட்டால் விடை வரும்வரை பொறுத்திருப்போம். எமது பழைய நிழற்படப் பெட்டிகளையும் திறப்போம். பூப்புனித நீராட்டு, திருமணம், தேர்த்திருவிழா என எடுத்த படங்களின் பின்னணியில் எத்தனையோ பழங்கோயில்கள் நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படியெடுத்து ஊர்ச் சங்கங்களில் வைத்தால், அதுவும் ஒரு திருப்பணியே.

எமது ஊர்க் கல்லைப் பற்றித் திருப்பணிச் சபையினருக்குக் கடிதம் எழுதியுள்ளோம். ஒழுங்கையில் போட்ட கற்களுக்குள் தேடிப் பார்க்கும்படி கேட்டுள்ளோம். கிடைத்தால் புதிய சுவரில், அதே முழங்கால் உயரத்தில், அதனைப் பதிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு எம்முடையது. அந்தக் கல்லின் அருகே எமது பெயர் வேண்டாம். அரிசி இடித்த அந்தத் தாயின் பெயர் மட்டும் போதும்.