கறளின் மேற் பூச்சு

சென்ற கிழமை எம்மைச் சந்தித்த அன்பர் ஒருவர், "மாஸ்ரர், உங்கள் கைகளில் வெண்கட்டித் தூளைக் கண்டிருக்கிறோம், இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?" என்று வினவினார். அவருக்கு வீதியில் நின்று சொல்ல இயலாத விடையை இவ்வாரம் இங்கே சொல்ல முனைகின்றோம்.

எமது பாட்டனார் வாங்கி, தந்தையார் ஓட்டி, எம்மிடம் வந்து சேர்ந்தது 1959 ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் கார் ஒன்று. பிரித்தானியாவில் 1948 இல் தொடங்கி 1971 வரை செய்யப்பட்ட இவ்வகைக் கார்களை யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஆங்காங்கே காணலாம். அண்மையில் உருளைகளைக் கடைவதற்காக அதன் இயந்திரம் வெளியே இறக்கப்பட்டது. அதேவேளை, பழைய கார்களில் விருப்பமுள்ள கொழும்பு அன்பர் ஒருவர் அதனை வாங்கிக்கொள்ள முன்வந்தார். அவர் சொன்ன விலை எமது வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றப் போதுமானதாயிருந்தது. இயந்திரம் இல்லாத வேளையில் அது அமரும் அறையைச் சுத்தஞ்செய்து தீந்தை பூசிவிட்டால் வண்டி பார்வைக்கு நன்றாயிருக்கும் என எண்ணி, மாசி மாத விடுமுறை நாளொன்றில் வேலையைத் தொடங்கினோம்.

மாசியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாரியின் ஈரம் தகட்டில் தங்கினால் பூச்சு பிடியாது. சோழகம் பெயர்ந்துவிட்டாலோ புழுதி பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே எமது ஊரில் இவ்வேலைக்கு உகந்தது.

முதற்கண் செய்ய வேண்டியது பற்றறியின் புவித்தொடுப்பைக் கழற்றுதல். இக்காலக் கார்களில் அது எதிர்முனை. மொறிஸ் மைனரிலோ நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. இதை அறியாது கைவைப்போர் இடர்ப்படுவர். பின்னர் ஒவ்வொரு மின்கம்பியிலும் அப்பியாசக் கொப்பியிற் கிழித்த தாளைக் கட்டி, எது எங்கே செல்வது என எழுதிவைத்தல் நன்று. எமது மகள் அதனை அழகுற எழுதினாள். கைபேசியிற் படமும் எடுத்தோம். எனினும் பின்னர் உதவியது தாளே.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையுங்கொண்டு கரைத்தெடுத்தோம். அழுக்கு நீரை நிலத்தில் ஊற்றாது தட்டமொன்றில் ஏந்திப் பேணியிற் சேர்த்தோம். எமது நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றை அடையும். அதன் பின்னர் சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீராற் கழுவி நன்கு உலரவிட்டோம். பிசுக்கு எஞ்சிய இடத்தில் எத்துணை விலையுயர்ந்த தீந்தையும் நில்லாது. உலர்ந்த தகட்டை வெறுங்கையாற் தொடுவதும் தவறு. வியர்வையும் எண்ணெயே போலத் தீங்கு செய்யும்.

மண்ணெண்ணெயின் மணம் எழுந்ததும் எமது நினைவு பின்னோக்கிச் சென்றது. 1990 இல் தொடங்கிய தடைக்காலத்திலே பெற்றோலும் பற்றறியும் யாழ்ப்பாணத்துக்கு வருவது அரிதாயிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலம் அது. கசியும் பற்றறியையே வைத்து எமது தந்தையார் காலந்தள்ளினார். அமிலம் ஒழுகித் தகட்டை அரிக்க, அவர் வீட்டுப் படலைக்குப் பூசி மிஞ்சிய பச்சைத் தீந்தையை அதன் மேற் பூசினார். பேணியை ஏந்திக்கொண்டு அருகில் நின்ற சிறுவன் நாமே. இப்போது கரிப்படலம் நீங்கியதும் அந்தப் பச்சை வெளிப்பட்டது. அதன் கீழே, தொழிற்சாலையிற் பூசப்பெற்ற நீலங்கலந்த சாம்பல் நிறமும் ஓரிடத்திற் தெரிந்தது.

பற்றறி அமரும் தட்டில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினோம். நுரைத்தெழுந்தது எஞ்சியிருந்த அமிலம். நுரை அடங்கும்வரை அவ்வாறு செய்து கழுவினோம். பழைய தீந்தைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆதலின் உலர்ந்தவாறு தேய்த்துத் தூசு கிளப்பாது, அரத்தாளை நீரில் நனைத்தே தேய்த்தோம். பிள்ளைகளை அப்பால் அனுப்பினோம். தேய்த்த இடத்தை உடனே துடைத்து உலர்த்தாவிடின் வெறுந்தகடு அன்றே மீண்டுங் கறள் பிடிக்கும்.

இவ்வாறு பச்சைப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்துச் சட்டத் தகட்டில் சிறு கொப்புளம் ஒன்று தென்பட்டது. திருப்புளியின் நுனியால் அழுத்தினோம். நுனி உள்ளே சென்றுவிட்டது. சுற்றிலும் தட்டிப் பார்த்தோம். உள்ளங்கை அளவு தகடு ஓலைபோல் ஆகியிருந்தது.

இங்கே வாசகர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். பாரவண்டிகளுக்கு உள்ளதுபோல் இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடற்தகடுகளே ஒன்றோடொன்று பொருந்திச் சட்டமாகி நிற்கின்றன. முன்சில்லுகளைத் தாங்கும் உறுப்புகளும் அவற்றிலேயே இறுக்கப்பட்டுள்ளன. ஆகவே அவ்விடத்துத் துளை அழகுக்கு வந்த குறை அன்று. உயிருக்கு வந்த குறை.

உண்மையை ஒளியாது சொல்கின்றோம். அன்றிரவு எமது உள்ளம் துளையை எண்ணவில்லை, கூரையையே எண்ணியது. புட்டி வைத்துத் தேய்த்து, மேலே தீந்தை பூசினால் எவருக்குத் தெரியும்? கொழும்பு அன்பர் பொனற்றைத் திறந்து பளபளப்பைக் கண்டு மகிழ்வார். எமது தந்தையாரும் பூசி மறைத்தவர்தாமே என்று ஒரு நியாயமும் துணைக்கு வந்தது.

மறுநாள் எமது ஊர் மெக்கானிக்கை அழைத்துக் காட்டினோம். தந்தையார் காலத்து மனிதர். "அண்ணை, புட்டி வைத்துப் பூசினால் காணாதோ?" என்று, எமது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டோம். அவர் துளையை விரலாற் தடவிப் பார்த்தார்.

"பூசலாம் தம்பி. ஆனால் நான் பூசித் தரமாட்டன். இதிலை ஆரோ குடும்பத்தோடை ஏறப்போகினம்" என்றார்.

"ஐயாவும் பூசினவர்தானே?" என்றோம்.

"உங்கடை ஐயா அண்டைக்குப் பூசினது வேறை வழி இல்லாமல். உங்களுக்கு இண்டைக்கு வழி இருக்குது."

இருபது ஆண்டுகளாய் மாணவர்க்கு ஒழுக்கம் போதிக்கும் நாம், அதற்கு மறுமொழி கூற மாட்டாது நின்றோம்.

அழுகிய தகட்டை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, அதே தடிப்புள்ள புதுத் தகட்டை அவர் ஒட்டிக் கொடுத்தார். எஞ்சிய நுண்கறளுக்குக் கடையில் விற்கும் கறள்மாற்று நீரைக் கையுறை அணிந்து தடவினோம். வெறுந்தகடு முழுவதற்கும் கறள் தடுக்கும் அடிப்பூச்சு இரண்டு முறை பூசினோம். அடிப்பூச்சு மாத்திரம் ஈரத்தைத் தடுக்காது. அதனோடு நிறுத்தி நாட்கணக்கில் விடலாகாது. இரு பகுதிகளைக் கலந்து விசிறும் உறுதியான தீந்தைகளும் உண்டு. ஆயின் அவற்றின் ஆவி சுவாசப்பையைத் தாக்கும். சாதாரண முகமூடி அதற்குக் காவலாகாது. வீட்டில் வேலை செய்வோர்க்கு எனாமலே ஏற்றது. காலைப் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன், மெல்லியதாக மூன்று முறை பூசினோம். தடிப்பாக ஒரே முறை பூசுவது வடிந்து சுருங்கும். இலக்கத் தகட்டையும், புவித்தொடுப்பு இறுகும் இடத்தையும் ஒட்டுநாடாவால் மூடி வைத்தல் அவசியம். தீந்தை மின்சாரத்தை விடாது. அதன் மேல் தொடுப்பை இறுக்கினால் வண்டி உயிர்க்காது.

மூன்று முறை தீந்தை பூசியதற்குச் சென்றது மூன்று காலைப்பொழுது. அதற்கு முந்திய வேலைக்கோ மூன்று கிழமை.

கொழும்பு அன்பருக்குத் துளை இருந்ததையும் ஒட்டியதையும் தொலைபேசியிற் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலும். ஓடு மாற்றும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. இவ்வாண்டு மாரியில் கூடத்தில் இரு வாளிகள் வைக்க வேண்டிவரும் என இல்லாள் நினைவூட்டியிருக்கிறாள். அது நியாயமே.

கார் இப்போது சாம்பல் நீலத்தில், பாட்டனார் வாங்கிய நாளின் நிறத்தில் நிற்கின்றது. சென்ற ஞாயிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீரிமலை வரை சென்று வந்தோம். பழைய வண்டிக்கேனும் பழைய வீட்டுக் கேற்றுக்கேனும் தீந்தை பூச எண்ணும் அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே: தூரிகையை எடுக்குமுன் திருப்புளியை எடுத்து அழுத்திப் பாருங்கள்.