பின்னாசனத்தில் அமர்ந்து பாருங்கள்

மோட்டார் வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சு மாதத்தில் இடப்பட்ட தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் நீங்கிற்று. அன்று தொட்டு, எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான சொகுசு வண்டியைப் பற்றிய பேச்சு வசதி படைத்த இல்லங்களிலே மிகுந்துள்ளது. காணி விற்ற பணத்தையோ, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையோ கொண்டு, லெக்ஸஸ் ஆர்.எக்ஸ்., பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 5, வொல்வோ எக்ஸ்.சி. 90 என்னும் நடுத்தர அளவினவான வண்டிகளுள் ஒன்றை வாங்க எண்ணுவோர் உளர். அன்னார் கைப்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சிந்திக்கத் தக்கன சிலவற்றை இவ்வாரம் கூற விரும்புகின்றோம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்நாட்டிலே பொறியின் கொள்ளளவையும் எரிபொருளின் வகையையும் ஒட்டித் தீர்வை அறவிடப்படுகின்றது. குறித்த பெறுமதியைக் கடந்த வண்டிக்கு ஆடம்பர வரி வேறு. அதன் மேலும் பெறுமதி சேர் வரி. இத்தரத்து வண்டிகளில் வரியானது பல வேளைகளில் வண்டியின் அசல் விலையையே விஞ்சி நிற்கும். ஆகவே, கொடுக்கும் தொகையைக் கொண்டு வண்டியின் தரத்தை அளவிடுதல் பொருந்தாது. அத்தொகையிற் பெரும்பங்கு திறைசேரிக்குச் சென்றுவிட்டது, எஞ்சியதற்கே வண்டி.

இனி, வண்டியைப் பார்க்கச் செல்பவர் யார்? பெரும்பாலும் குடும்பத் தலைவரே. அவர் சாரதியின் ஆசனத்தில் அமர்கின்றார், தோலுறையைத் தடவுகின்றார், முன்னுள்ள பெரிய திரையைக் கண்டு மகிழ்கின்றார். ஆனால், அவ்வீட்டில் உள்ள ஏனையோர் ஆண்டுக் கணக்காகப் பயணஞ் செய்யப்போவது பின்னாலன்றோ? வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் நோவுள்ள தாயார் சேலையுடன் ஏறி அமர்ந்து, மீண்டும் பிறர் துணையின்றி இறங்கட்டும். ஆசனம் அவரது இடுப்பின் உயரத்துக்கு நிற்குமாயின், தாழ்ந்த காரைக் காட்டிலும் இது அவருக்குச் சுகமாகவே இருக்கும். அதற்கு மேற்பட்டால் ஒவ்வொரு பயணமும் தண்டனையே. கதவின் கீழுள்ள வாயிற்படி அகன்றதா என்பதையும் பாருங்கள். மழைநாளிலே அப்படியிற் படிந்த சேறு முழுவதும் சேலைத் தலைப்பிலும் காற்சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். சில வண்டிகளில் கதவே கீழிறங்கி அப்படியை மூடிக் காக்கின்றது. விற்பனையாளர் எவரும் இதனை எடுத்துச் சொல்லக் கேட்டதில்லை.

எழுவர் அமரலாம் எனப் பெருமையாகக் கூறப்படும் மூன்றாம் வரிசையிலே வீட்டின் உயரமான பையனை அமர்த்துங்கள். பின்னர் அவ்வரிசையை நிமிர்த்தி வைத்தபடியே, ஊருக்குப் போகும்போது கொண்டு செல்லும் பெட்டிகளை ஏற்ற இயலுமா என்று நோக்குங்கள். விடை தானே கிடைக்கும்.

பரீட்சார்த்தமாக ஓட்டும்போது சாரத்தியத்தை இன்னொருவரிடம் விட்டுப் பின்னால் அமர்வதே நன்று. விற்பவர் காட்டும் செப்பனிட்ட பெருந்தெருவை விடுத்து, குன்றும் குழியுமான ஒழுங்கையொன்றிலே அரை மணி நேரம் செல்லச் சொல்லுங்கள். அழகுக்காக 20, 21 அங்குலச் சில்லுகள் பூட்டிய வண்டிகளில் ரயரின் பக்கச்சுவர் குறுகியிருக்கும். ஆதலின், குழியின் அதிர்ச்சி நேரே முதுகெலும்பைச் சேரும். ரயரும் எளிதிற் புடைத்துவிடும். ஒரே மொடலில் சிறிய சில்லுடைய வண்டி கிடைக்குமாயின், தோற்றத்திற் சிறிது குறைந்தாலும் அதனையே யாம் தெரிவோம்.

மேலதிகச் சில்லு உண்டா என்று கேட்க மறவாதீர்கள். எக்ஸ் 5 போன்றவை பலவற்றில் அது இராது. அதற்குப் பதிலாக, காற்றிழந்த பின்னரும் மணிக்கு 80 கிலோ மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோ மீற்றர் தூரம் ஓடவல்ல ரயர் பூட்டப்பட்டிருக்கும். கொழும்பு நகருக்குள் அது போதும். நள்ளிரவில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே காற்றுப் போனால், அந்த அளவிலுள்ள ரயர் விடியற்காலையில் எந்தக் கடையில் அகப்படும்?

யப்பானிலிருந்து வந்த பாவித்த வண்டியாயின், அங்கு ஏலத்தில் விடப்பட்டபோது எழுதப்பெற்ற பரிசோதனைத் தாளின் பிரதியைக் கோருங்கள். தரம் 4 அல்லது 4.5 எனின் நன்று; 'ஆர்' என்னும் எழுத்து விபத்தின் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும். தாளிலுள்ள செசி இலக்கம் வண்டியில் உள்ளதோடு ஒத்தல் வேண்டும். அன்று குறிக்கப்பட்ட கிலோ மீற்றர் கணக்கினும் இன்றைய கணக்குக் குறைந்திருத்தல் ஆகாது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 எனின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. அத்துடன், அந்நாட்டு வானொலிப் பெட்டி 76 முதல் 95 மெகாஹேட்ஸ் வரையே கேட்கும். நமது பண்பலை நிலையங்களிற் பாதி அதில் ஒலியா. சிறு குறைதான், எனினும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஆசனப்பட்டியை இறுதிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் அமிழ்ந்த வண்டியை எவ்வளவு கழுவினாலும், சுருளின் உள்ளே சேற்றின் கறை தங்கிவிடும். 2025 நவம்பர் வெள்ளத்தின் பின்னர் இச்சோதனையைத் தவிர்த்தல் கூடாது.

ஹைபிரிட் வண்டியை விரும்புவோர்க்கும் பின்னாசனமே முக்கியம். லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். போன்றவற்றில் பெரிய பற்றரி அதன் அடியிலேதான் இருந்துவந்தது. அதனைக் குளிர்விக்கும் காற்று அங்குள்ள சிறு துவாரங்கள் வழியாகவே உட்புகும். பொதிகளாலோ உறைகளாலோ அவை மூடப்பட்டால், அன்றித் தூசு அடைத்தால், பற்றரி சூடேறி ஆயுள் குன்றும். கைவிளக்கொன்றைக் கொண்டு அத்துவாரங்களை நோக்குவோர்க்கு முன்னைய உடைமையாளர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும். காற்றடைத்த பைகளின் மேல் மிதக்கும் ஐரோப்பிய வண்டியாயின், அதனை ஓரிரவு நிறுத்தி வைத்து, காலையில் நாற்புறமும் ஒரே உயரத்தில் நிற்கின்றதா என அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், காற்றுக் கசிகின்றது என்க.

கடைசியாக, முன்விளக்கு ஒன்றின் விலை, கமெரா பொருத்திய முன்கண்ணாடியின் விலை, அதனை மாற்றியபின் கமெராவைச் சரிசெய்யும் கூலி ஆகிய மூன்றையும் எழுத்திற் கேளுங்கள். தருபவரிடம் மேற்கொண்டு விலை பேசலாம்.