வண்ண இலைச் செடிகளும் சங்கப் பாத்தியும்

வீட்டு முகப்பில் நான்கு வண்ண இலைச் செடிகள் வைக்க விரும்பும் அங்கத்தினர், அவற்றை நாற்றுப் பண்ணையில் விலை கொடுத்து வாங்குவது வீண் செலவு என்பது என் துணிபு. கோலியஸ், குரோட்டன்ஸ், மணி பிளாண்ட் ஆகிய மூன்றும் தண்டுத் துண்டிலிருந்தே தழைப்பவை. அண்டை வீட்டில் ஒரு செடி இருக்குமாயின், அது ஒரு தெருவுக்கே போதும்.

இவற்றுள் எளியது கோலியஸ். துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைத் தடவினால் நான்கு பட்டைகளும் விரலுக்குத் தெரியும். இருமலுக்கு நாம் கிள்ளும் கற்பூரவள்ளியும், நெல்லைச் சீமையில் விளையும் சிறுகிழங்கும், சேலத்துப் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கனும் இதற்குப் பங்காளிகள். சிறுகிழங்குக்குக் கொடித்துண்டும், மருந்துக்கூர்க்கனுக்கு நுனித்துண்டும் நட்டுப் பழகிய உழவருக்குக் கோலியஸ் நடக் கற்பிக்க வேண்டுவதில்லை. நெசவாளர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பூவாத நுனியாகப் பார்த்து அரைச்சாண் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குக. அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு குவளை நீரிலோ ஈரமணலிலோ நிறுத்துக. இரண்டு வாரத்திற்குள் வேர் காணும். தெருவில் பாவு நீட்ட இயலாத அடைமழை நாட்களே இதற்கு ஏற்ற காலம்.

குரோட்டன்ஸுக்குப் பொறுமை வேண்டும். பென்சில் கனமுள்ள போத்து வேர்விட ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். வெட்டுவாயில் ஊறும் சாறு சிலருக்குத் தோலில் அரிப்புண்டாக்கும். துணியில் பட்டால் கறையும் படியும். ஆதலின் கையைக் கழுவாமல் தறியில் அமர்தல் ஆகாது. மணி பிளாண்டின் இலையைக் குழந்தைகள் மென்றால் வாயும் தொண்டையும் எரியும். எட்டாத உயரத்தில் வைக்க. வெளிச்சமின்றேல் அதன் மஞ்சள் வரி மங்கிப் பச்சையே மிஞ்சும். இருண்ட தறிக்கூடத்து மூலையில் எச்செடியிடமும் நிறத்தை எதிர்பார்த்தல் வீண். சன்னலோரமே அவற்றிற்கு இடம்.

“வயிற்றுக்கு உதவாத செடிக்கு நீர் எதற்கு?” எனச் சிலர் வினவக்கூடும். அரிசி களைந்த நீர் போதும் என்பதே என் விடை. நாள்முழுதும் நூலின் நிறத்தைத் தேர்ந்து பழகிய கண், ஓரிலையில் அரக்கும் மாந்தளிரும் இளம்பச்சையும் கரைகட்டி நிற்பதைக் கண்டு களிப்பதில் குற்றமுமில்லை.

மணி பிளாண்டைத் திருடி நட்டால்தான் செல்வம் சேரும் என்றொரு பேச்சு உண்டு. கூட்டுறவில் சேர்ந்தவர் வாயில் அப்பேச்சு அழகன்று. கேட்டே பெறலாம், கொடுப்பவருக்கும் நட்டமில்லை. நுனியில் உண்டாகிக் கீழிறங்கும் ஆக்சின் என்னும் பொருள் பக்க மொட்டுக்களை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அவை கிளைக்கின்றன. கோலியஸில் நுனி கொடுத்தவர் வீட்டுச் செடியே முன்னிலும் அடர்ந்து நிற்கும்.

ஆயினும் கைமாறும் துண்டோடு நோயும் பூச்சியும் கைமாறும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நான் அஞ்சுவது இதற்கே. மரவள்ளித் தேமல் நோய் வெள்ளை ஈயால் மட்டுமன்றி, நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய கரணையாலும் பரவுகிறது. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டியது. பட்டுப்புழுவுக்கு இலையின்றி வளர்ப்போர் திகைத்தனர். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. அப்பூச்சி செம்பருத்தி போன்ற வீட்டுச் செடிகளிலும் தங்கி வாழ வல்லது. முற்றத்துத் தொட்டிக்கும் உறுப்பினரின் மல்பெரித் தோட்டத்திற்கும் இடையே ஒரு வரப்புதான் இருக்கிறது.

ஆகவே சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு யோசனை. சங்கக் கட்டடத்தின் பின்புறம், நிழற்பாங்கான இடத்தில், ஆறடிக்கு மூன்றடியில் ஒரு மணற்பாத்தி அமைக்க. அங்கத்தினர் கொணரும் துண்டுகள் மூன்று வாரம் அங்கே கண்காணிப்பில் இருக்கட்டும். இலையின் அடிப்புறத்திலும் இலைக்கக்கத்திலும் வெண்பஞ்சு போல் ஏதேனும் தென்படின், இரக்கமின்றி எரித்துவிட வேண்டும். குறையில்லாதவை வேர்விட்டபின் கேட்போருக்கு வழங்கப்படட்டும். ஒன்று பெற்றவர் ஆறு மாதத்திற்குள் இரண்டாகத் திருப்பித் தருவது விதியாகட்டும். இத்துணை வட்டிக்கு எந்த அங்கத்தினரும் முணுமுணுக்கமாட்டார்.

செலவென்று கூற இரண்டு கூடை ஆற்று மணலும் சில பழைய சட்டிகளுமே. பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, மரவள்ளியோ மல்பெரியோ பயிரிடும் அங்கத்தினர் ஒருவரிடம் ஒப்படைப்பது நலம். மாவுப்பூச்சியை முதலில் அடையாளம் காணும் கண் அவருடையதே.